விக்டோரியா அனுப்பிய வாய்ஸ்

ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து வடசேரி சந்தைக்கு முப்பது வருடம் மீன் கொண்டுபோய் விற்றவள் விக்டோரியா. கணவன் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. ஒரே மகன் ஆன்றோ குவைத்தில் சம்பாதித்து, மேலும் கீழுமாக ஐந்து அறை வைத்து வீடு கட்டிக் கொடுத்தான். அவள் புழங்குவதோ அடுக்களையும் அதை ஒட்டிய ஓர் அறையும்தான். மற்றவற்றைச் சனிக்கிழமைதோறும் திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டுவாள்.

போன வருட லீவில்தான் அந்த வினை வந்தது. மகன் குடும்பம் வந்திறங்கிய இரண்டாம் நாள், குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி. மருமகள் பிரிஜா போட்ட கூச்சலில் பக்கத்து வீடே கூடிவிட்டது. மறுநாள் காலையில் பேத்தி அபிதாவின் கழுத்தில் தீப்பட்டதுபோல் கொப்புளம்.

"எட்டுகாலி மேல மோண்டுட்டு, அதான் கொப்புளம்" என்று வந்தவர்கள் எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். விக்டோரியாவும்தான் சொன்னாள். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டி நாகர்கோவிலில் லாட்ஜ் எடுத்தார்கள். மிச்ச லீவு முழுக்க அங்கேதான் கழிந்தது. தன் வாயைத் தானே நொந்துகொண்டாள், பாவம்.

இந்த வருடம் ஊர்த் திருநாளுக்கு வருகிறோம் என்று ஆன்றோ சொன்னான். பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில், விக்டோரியா போனை டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"டாக்டரம்மா, வீட்டுல நிக்க பெரிய எட்டுகாலி ஆளைக் கொல்லுமா? போன வருசம் பேத்தி கழுத்துல கொப்புளம் வந்தது அதாலயா? உள்ளத இதுல சொல்லுங்க. எம் மருமவளுக்கு அனுப்பணும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே பேசினார். "நம்ம வீட்டுச் சுவர்ல ஓடுற பெரிய எட்டுக்கால் பூச்சிக்குப் பயப்பட வேண்டாம். அதுவா வந்து கடிக்காது. நசுக்கிப் பிடிச்சா கடிக்கும், கொஞ்சம் வலிச்சு வீங்கிச் சரியாயிரும். மூச்சு முட்டினாலோ புண்ணு பெருசானாலோ மட்டும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்தக் கொப்புளம், லைட்டுக்கு வர்ற சின்ன வண்டு மேல பட்டு நசுங்கினா வர்றது."

அனுப்பியதும் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. டாக்டர் சொன்னாலும் அருவருப்பு போகாதே என்று, இன்னும் குளியலறையிலேயே இருந்த பூச்சியை ஒரு சருவப் பாத்திரத்தால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்துத் தென்னந்தோப்பில் விட்டாள். அதற்கப்புறம் வெறும் சுவரைப் பார்க்க அவளுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. ஒரு வருடமாக அந்த வீட்டில் அவளைத் தவிர அசைந்தது அது ஒன்றுதான்.

திருநாளன்று காலையில் வந்தார்கள். பெட்டிகள் காரிலேயே இருந்தன.

"பெட்டிய எடுத்து வை மக்கா. மேல ரூம் தொடச்சிப் போட்டிருக்கேன். எட்டுகாலியையும் வெளிய விட்டாச்சு."

ஆன்றோ போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரிஜாதான் சொன்னாள்: "நாகர்கோயில்ல ரூம் போட்டாச்சு மாமி."

"அந்த டாக்டரு சொன்னத நீ கேக்கலியா?"

"கேட்டேன் மாமி. நானும் நர்ஸுதானே. அது வண்டு பட்ட புண்ணுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

பிறகு எதற்குப் போனீர்கள் என்று கேட்க விக்டோரியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயமாக இருந்தது.

"நெய்மீன் வச்சிருக்கேன்" என்றாள். "சாப்பிட்டுட்டாவது போங்க மக்கா."