வரச் சொல்லலாமா?

பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசைகளில் நின்று நாடே களைத்துப்போன காலத்தில்தான் என் கணவர் கட்டாருக்குப் போனார். ஏசி திருத்துவது அவருடைய தொழில். அவர் வேலை செய்த கொட்டாஞ்சேனைக் கடை அப்போது மூடிக்கிடந்தது. ஒப்பந்தம் முடியும் நேரம் நெருங்கியபோது ஒருநாள் போனில் கேட்டார்:

"புது ஜனாதிபதி வந்தாப் பிறகு எல்லாம் சரியாகிட்டுதெண்டு இஞ்ச சில பெடியள் கதைக்கிறாங்கள். ஒண்டும் மாறேல்லை எண்டும் சொல்லுறாங்கள். நீர்தானே அங்க இருக்கிறீர். நாடு திருந்திட்டுதோ? நான் வரட்டோ, இல்லாட்டித் திரும்பவும் கையெழுத்து வைக்கட்டோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

நாடு திருந்திவிட்டதா என்று நான் எதை வைத்துச் சொல்வது? வெள்ளவத்தையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் காலி வீதி நிறைய வாகனம். காஸ் கேட்டவுடன் கிடைக்கிறது. ஆனால் மீன் வாங்கப் போய், விலையைக் கேட்டுவிட்டு முட்டையோடு திரும்புகிறேன். மேல்வீட்டு அக்கா புது ஜனாதிபதிதான் நாட்டைக் காப்பாற்றினார் என்கிறார். முந்தின ஆள் போட்ட பாதையில்தான் இவரும் போகிறார் என்று அவருடைய தம்பி அதே சோபாவில் இருந்து சண்டை பிடிக்கிறார். எனக்குத் தலையிடிதான் மிச்சம். வாங்கோ என்று சொல்லி, மறுபடி எல்லாம் விழுந்தால்? வேண்டாம் என்றால் மகள் தகப்பனை போன் திரையில் பார்த்தே வளர்வாள்.

கடைசியில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. முதலாளி என்னை அடையாளம் கண்டு கதிரை போட்டார்.

"வேலை இருக்கோ அண்ணை?"

"இருக்குத் தங்கச்சி. பழசை ரிப்பேர் பண்ணத்தான் ஆளுங்க வர்றாங்க. புதுசு வாங்க இன்னும் பயப்படுறாங்க. ஆனா கடை பூட்டின காலம் மாதிரி இல்ல. அவர் வந்தா நாளைக்கே எடுப்பன்."

நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆனாலும் கேட்டேன்: "உங்கட மகன் வெளிநாட்டில இருந்தா, திரும்பி வா எண்டு சொல்லுவீங்களோ?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் போன கிழமைதான் பாஸ்போட்டுக்குக் குடுத்தான். நான் வேணாம்னு சொல்லல்ல."

அன்று மாலை முதலாளி சொன்ன இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் கணவருக்குச் சொன்னேன்.

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"எனக்குத் தெரியேல்லை. பயமாக் கிடக்கு. நீங்கள் இஞ்ச இருந்தா ரெண்டு பேருமாப் பயப்பிடலாம்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப வாறன்" என்றார்.

வந்தார். முதல் நாள் மகள் என் பின்னால் ஒளிந்தாள். இப்போது அவர் தோளில்தான் அவளுக்குத் தூக்கம். வெயில் மாதங்களில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. மழை தொடங்கியதும் வேலை குறைந்தது, சில நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். முதலாளியின் மகன் வெளிநாடு போய்விட்டான். கடையில் அவன் பார்த்த வேலையும் இப்போது இவர் தலையில்.

மாத முடிவில் புதுப் பெற்றோல் விலையை அறிவிக்கும் செய்தி வரும்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அவர் ரிமோட்டை வாங்கிக் குறைப்பார், ஆனால் விலையைச் சொல்லி முடிக்கும்வரை அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.