பொன்னாடை போர்த்திய திரை

அவனை எனக்கு இப்போதும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை, நல்லவன் ஒருவன் மனம் திருந்திய கதையாக யாராவது வாசித்துவிடுவார்கள்.

பரந்தனில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயதிருக்கும். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எதுவென்றாலும் டீஜே அவன்தான். ஒரு லப்டொப், அதோடு இணைத்த தட்டையான ஒரு பெட்டி, பெட்டியின் மேல் விளையாட்டுச் சாமான் போல இரண்டு சின்னத் தட்டுகள். கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் ஹெட்போன். வேலையைவிட அலட்டல் கூட.

நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன். சண்டை தொடங்கிய காலத்திலேயே ஜேர்மனியில் டோர்ட்முண்டுக்குப் போய், கிழமை நாட்களில் தொழிற்சாலையிலும் சனிக்கிழமைகளில் தமிழர் கலியாண மண்டபங்களிலும் வேலை செய்தேன். மண்டபத்தில் என் வேலை இசைத்தட்டு ஓட்டுவது. ஒரு தட்டில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த தட்டை ஹெட்போனில் ஒரு காதால் கேட்டுக்கொண்டு, மற்றக் காதால் மண்டபத்தைக் கேட்க வேண்டும். விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு பாட்டின் தாள அடியும் ஒன்றாக விழுகிற கணத்தில் மாற்ற வேண்டும். ஆடுகிறவனுக்குப் பாட்டு மாறியதே தெரியக்கூடாது. வயதுபோய் ஊருக்குத் திரும்பியபோது தட்டுச் சுழற்றும் அந்த இரண்டு மெஷினையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தேன். இங்கே யாருக்கும் அவை தேவைப்படவில்லை. என் கோபம் தொடங்கியது அங்கேதான்.

அவன் காதால் மாற்றுவதில்லை. லப்டொப் திரையில் பாட்டுகள் அலையலையாக ஓடும், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. அலைகளின் மேடுகளை நேருக்கு நேர் கொண்டுவந்து மாற்றுவான். அதைத் தானாகவே செய்துவிடும் ஒரு பட்டனும் அந்தப் பெட்டியில் உண்டு. ‘பட்டன் அமத்திற டீஜே’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அவன் விரல் அந்தப் பட்டன் பக்கம் போனதேயில்லை. வேகத்தைக் கையால்தான் சரிசெய்வான். பல கலியாணங்களில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் சிலவேளை திரும்பமாட்டான். திமிர் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

தங்கையின் பேத்தியின் கலியாணம் முள்ளியவளையில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த பெரியவர் என்று எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொல்லி மைக்கும் தந்தார்கள். இரண்டும் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது. நேரே அவனிடம் போனேன்.

“என்ன தம்பி, கழுத்தில கிடக்கிறது தாலியோ? காதில மாட்டமாட்டீரோ?” என்று மைக்கில் கேட்டேன். சனம் சிரித்தது.

“உங்கட தட்டுக் காலம் முடிஞ்சுது ஐயா. போய்ப் பாயாசம் குடியுங்கோ,” என்றான். அதற்குச் சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

பொன்னாடையை உருவி லப்டொப் திரையை மூடினேன். “இப்ப மாத்திக் காட்டும் பாப்பம். காது இருக்கெல்லே?”

“எடுங்கோ ஐயா,” என்றான் மெதுவாக.

பெடியள் விசிலடித்தார்கள். “அண்ணை, செய்து காட்டுங்கோ!”

இனி அவனே அதை எடுத்தால் தோற்றதாகிவிடும். ஹெட்போனை வலக்காதில் வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான். பிறகு பாட்டை மாற்றினான். இரண்டு பாட்டின் அடிகளும் ஒன்றையொன்று இடறி, தகரக் கூரையில் தேங்காய்கள் விழுவதுபோல மண்டபம் முழுக்க உருண்டன. ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் எந்தக் காலை வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டார்கள்.

“கேட்டியளோ?” என்றேன்.

வயர் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ஓடிவந்து பாட்டை நிறுத்தினாள். பொன்னாடையைப் பிடுங்கி என் நெஞ்சில் எறிந்தாள்.

“ஷெல் விழுந்து இடக் காது செத்த மனுசன் மண்டபத்தை எந்தக் காதால கேக்கிறது? நாங்கள் பங்கருக்குள்ள கிடக்கேக்க நீங்கள் எங்க ஐயா பாட்டுப் போட்டனீங்கள்?”

மைக்கை நான் அணைத்திருக்கவில்லை. அவள் சொன்னது எல்லா ஸ்பீக்கர்களிலும் கேட்டது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “ஏனப்பா சொன்னனீர்?” என்று மனைவியிடம் கேட்டான். அதுவும் கேட்டது.

காது விஷயத்தை அவன் அவ்வளவு காலமும் ஒளித்தது தொழிலுக்காக. செவிடனை யார் பாட்டுப் போடக் கூப்பிடுவார்கள்? பூவரசங்குளத்தில் பாட்டுப் போட அவனைப் பேசியிருந்த ஒரு கலியாணத்துக்கு வேறு ஆளைப் பிடித்தார்கள். ‘செவிட்டு டீஜே’ என்ற பட்டம் நான் பஸ் ஏறி வருவதற்கு முன்னரே பரந்தன் சந்திக்கு வந்துவிட்டது. அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது: டோர்ட்முண்டில், சனிக்கிழமைகளில். அதை எப்படிச் சொல்வது?

மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். உடைந்த ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருக்கச் சொல்லவில்லை.

“நீர் பட்டன் அமத்திறேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான்...” என்று தொடங்கினேன்.

“கொஞ்சம் பொறுங்கோ ஐயா.”

எழும்பி, கதிரையைத் திருப்பிப் போட்டு, இடக்காது என் பக்கம் வரும்படி உட்கார்ந்தான். கழுத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்து வலக்காதில் வைத்து அழுத்திக்கொண்டான்.

“ம். இப்ப சொல்லுங்கோ.”

எல்லாவற்றையும் அந்தச் செத்த காதுக்குச் சொன்னேன். நான் சொல்லி முடித்தபோதும் அவன் தலை வேறேதோ பாட்டுக்கு அடி தப்பாமல் அசைந்துகொண்டிருந்தது.