கருக்களாச்சேரி மழையில் ஒரு குழாய் ஸ்பீக்கர்

மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு காரைக்கால் கடற்கரைப் பக்கம் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் நான் போயிருக்கிறேன்.

என் அத்தை மகன் குமரேசன் திருநள்ளாற்றில் மைக் செட் வைத்திருந்தான். கீழவாஞ்சூர் வரை ஊர் ஊராகப் போய்க் கபடிப் போட்டிக்கு விளம்பரம் செய்ய வேண்டும். தஞ்சாவூர் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு வந்திருந்த நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அவன் அந்த ஸ்பீக்கரைக் கட்டிய விதமே பார்க்க அழகு. கேரியரில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் இருந்த தகரப் பெட்டி. அதன் மேல் குழாய், வாய் பின்பக்கம் பார்த்துச் சற்றுத் தாழ்ந்திருக்கும். குழாயின் பின்னால் சத்தம் எழுப்பும் யூனிட்டுக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி உறை மாட்டியிருந்தான். வாயில் உரச்சாக்கின் உள்ளே வரும் மெல்லிய பாலித்தீனைத் தளர்வாகக் கட்டியிருந்தான். இறுக்கிக் கட்டினால் படபடவென்று அடிக்குமாம்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். காரைக்கால் ஐந்து கிலோமீட்டர். ஒரு டீ குடித்துவிட்டு அரசலாறு பாலம் தாண்டினோம். கருக்களாச்சேரிக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. கடல் இருந்த இடத்தில் வெள்ளைத் திரைதான் தெரிந்தது.

கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மற்ற கட்டுமரங்களெல்லாம் கரையேறிவிட்டன. பாக்கியம் என்ற பெண்ணின் கணவரும் கொழுந்தனும் போன கட்டுமரம் மட்டும் வரவில்லை. வாடைக் காற்று தெற்கே தள்ளும். கரை தெரியாமல் அங்குள்ள ஆற்று முகத்துவாரத்தில் மாட்டினால் அலை புரட்டிவிடும் என்றார்கள்.

பாக்கியம் எங்கள் வண்டியைப் பார்த்து ஓடி வந்தார். "அண்ணே, அந்தக் கொழாய கடப்பக்கம் திருப்புங்க. எங்க சத்தம் எட்ட மாட்டேங்குது."

குமரேசன் ஈர மணலில் வண்டியை உருட்டிப்போய்க் குழாயை நேரே காற்றுக்கும் மழைக்கும் எதிரே திருப்பினான். மைக்கை அவரிடமே கொடுத்தான். "நீங்க பேசுங்க. ஒங்க கொரல்னா அவருக்குத் தெரியும்."

"மாமா! இஞ்ச வாங்க! தெக்க போவாதீங்க, சத்தத்தப் பாத்து வாங்க!"

பாலித்தீன் குரலைப் பாதி விழுங்கியது. குமரேசன் அதைப் பிடித்து இழுத்துக் கிழித்தான்.

"டேய், தண்ணி உள்ள போயிருமேடா!" என்றேன்.

"போனா போவட்டும். நீ பொட்டிய மூடிப் புடி."

நானும் இரண்டு பெண்களும் கரையிலிருந்த ஒரு கட்டுமரத்தின் பாய்த்துணியைப் பெட்டிக்கு மேல் விரித்துப் பிடித்தோம். பாக்கியம் நிறுத்தவே இல்லை. தொண்டை கட்டியது. குழாயும் கரகரத்தது, கொப்பளிப்பதுபோல் சத்தம் போட்டது, ஒரு கட்டத்தில் அடங்கிப்போனது. மழை இரைச்சல் மட்டும் கேட்டது. பாக்கியம் செத்த மைக்கை வாயிலிருந்து எடுக்காமல் நின்றார்.

அப்போது எதிரிலிருந்து "ஓ...ஓ..." என்று ஒரு குரல். திரையைக் கிழித்துக்கொண்டு கட்டுமரம் தெரிந்தது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடினார்கள்.

பாக்கியத்தின் கணவர் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மனைவியைப் பார்த்து, "ஒன் சத்தந்தான் கேட்டுச்சு. அதப் புடிச்சிக்கிட்டே வந்துட்டோம்" என்றார். பாக்கியம் அவர் தலையைத் துவட்டினார். பேசப் பாக்கியத்துக்குக் குரல் இல்லை.

கீழவாஞ்சூருக்குப் போகாமலே திரும்பினோம். இன்று அந்தச் சாலையில் துறைமுக லாரிகள் அதிகம், மழையில் கவனமாக ஓட்டுங்கள்.

ஸ்பீக்கரின் வாய் தாழ்ந்தும் காற்றுக்கு முதுகு காட்டியும் இருக்கட்டும். ஒயரைக் கீழே வளைத்து மேலேற்றுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். நனைந்துவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், போட்டுப் பார்க்காதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். மழையைவிட உப்புக்காற்று பொல்லாதது, வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

இத்தனையும் குமரேசன் சொல்லித் தெரிந்ததுதான். அன்று மாலை அவன் யூனிட்டைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் வழிந்தது. வருத்தமா என்று கேட்டேன்.

"நல்ல சரக்குடா," என்றான். "அவ்வளவு தண்ணியக் குடிச்சிட்டும் ஆள் வர்ற வரைக்கும் பேசிருக்கு பாரு."