பௌர்ணமியா இருந்தா

எனக்குக் கோவம் ஜாஸ்தி. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். வீட்டுல இன்னும் நல்லாத் தெரியும், ஏன்னா ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல உக்கார்றவர்தான் என் வீட்டுக்காரரும். வேங்கிக்கால்ல சின்ன கம்பெனி. ஊர்ல இருக்கற லாட்ஜுங்களுக்கு ஆன்லைன்ல ரூம் புக் பண்ற சர்வருங்களைப் பாத்துக்கறது எங்க வேலை.

ஒவ்வொரு சர்வருக்குள்ளயும் போய் கையால செஞ்சா வேலை ஓயாது. அதனால கம்ப்யூட்டரே தானா செஞ்சுக்கற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி வெச்சுடுவோம். சாஃப்ட்வேர் பழசா இருந்தா புதுசு போடு, ஏற்கெனவே புதுசுன்னா தொடாதே, போட்டது சரியா வந்தா மட்டும் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விடு. இப்படி நிபந்தனை மேல நிபந்தனை. செய்யின்னு எழுதறது சுலபம். எப்ப செய்யக்கூடாதுன்னு எழுதறதுக்குள்ளதான் உசுரு போயிடும்.

அதுல எங்க ஊருக்குன்னே ஒரு நிபந்தனை உண்டு. பௌர்ணமியா இருந்தா சர்வரை நிறுத்தாதே. கிரிவலக் கூட்டம் வர்ற அன்னிக்கு அது கொஞ்ச நேரம் படுத்தாலும் லாட்ஜ்காரங்க எங்களை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. அந்த வரியை எழுதினது என் வீட்டுக்காரர். பொறந்தது அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையிலயே வீடு. பௌர்ணமி பத்தி இவரைவிட யாருக்குத் தெரியும்னு நாங்க யாரும் கேள்வியே கேக்கல.

எங்கம்மா ஆரணியில இருக்காங்க. நான் சாதி விட்டுக் கல்யாணம் பண்ணதுல இருந்து என்கிட்ட பேச்சே இல்ல. ஆனா பௌர்ணமி தவறாம கிரிவலம் வருவாங்க. கோயில் பக்கம் லாட்ஜ்ல தங்கி, மலையைச் சுத்திட்டு, காலையில பஸ் ஏறிடுவாங்க. சித்தி போன்ல சொல்லித்தான் எனக்கே தெரியும். இவ்ளோ தூரம் வந்துட்டு பொண்ணு வீட்டை எட்டிப் பாக்காம போறாங்களேன்னு வயிறு எரியும். இருந்தாலும் அவங்க வர்ற அன்னிக்கெல்லாம் ஒரு கை அரிசி சேத்துப் போடுவேன். வரமாட்டாங்கன்னு தெரியும். ஒருவேளை வந்துட்டா? அதை மட்டும் என்னால விட முடியல.

போன ஆவணியில ஒரு நாள், மத்தியானம் ஸ்கிரிப்ட் ஓடிச்சு. மறுநாள்தான் பௌர்ணமின்னு அதுல தேதி இருந்துச்சு, அதனால ஜம்முனு எல்லா சர்வரையும் நிறுத்தி ஓட விட்டுடுச்சு. ஆனா திதி அன்னிக்கு மத்தியானமே ஆரம்பிச்சிடுச்சு. வெளியூர்க்காரங்க திதி பாத்துத்தானே கிளம்புவாங்க? அந்த நேரத்துல புக் பண்ணவங்களுக்கு ரூம் இருக்குன்னு மெசேஜ் போயிடுச்சு, லாட்ஜுக்குத் தகவல் போய்ச் சேரல. டீ நேரத்துக்கெல்லாம் போன் மேல போன்.

"ஏம்பா, அடி அண்ணாமலையில பொறந்துட்டு பௌர்ணமி எப்ப ஆரம்பிக்குதுன்னு தெரியாதா உனக்கு?"ன்னு கத்தினேன்.

"நாங்க என்னிக்கும்மா பஞ்சாங்கம் பாத்தோம்? வாசல்ல கூட்டம் வந்தா பௌர்ணமி. நிலா முழுசா தெரியற தேதியைப் போட்டேன்"னாரு, பாவமா முகத்தை வெச்சுக்கிட்டு.

திட்டணும்னு வாயைத் தொறந்தவ சிரிச்சுத் தொலைச்சேன். தேதியை எடுத்துட்டு, திதி ஆரம்பிக்கற நேரத்துக்கும் முடியற நேரத்துக்கும் நடுவுல தொடாதேன்னு மாத்திட்டு வீட்டுக்கு வந்தோம். செருப்பைக்கூட கழட்டல, என் போன் அடிச்சுது. அம்மான்னு காட்டுச்சு.

"ரூம் இருக்குன்னு மெசேஜ் வந்துச்சுடி. இங்க வந்தா இல்லன்றான். உன் வீடு எங்க இருக்கு?" மூச்சு விடாம சொல்லிட்டு நிறுத்தினாங்க.

நான் வழி சொல்லச் சொல்ல, இவர் ஹால்ல கெடந்த துணியெல்லாம் அள்ளி கட்டிலுக்கு அடியில தள்ளிக்கிட்டிருந்தாரு. அம்மா பையோட உள்ள வந்ததும், "வாங்க அத்தை. என்னாலதான் உங்களுக்கு ரூம் கெடைக்கல, மன்னிச்சுடுங்க"ன்னு ஒரேயடியா கொட்டிட்டாரு. அட, முதல்ல உக்காரவாச்சும் சொல்லக்கூடாதா? அம்மா அவரை நிமிந்து பாத்து, "பரவால்ல விடுப்பா"ன்னாங்க. சாப்பாடு போட்டேன். "ரசத்துல உப்பு கம்மி"ன்னாங்க. இத்தனை வருஷம் கழிச்சு அம்மா வாயால ஒரு குறை கேட்டதும் சமையல்கட்டுக்குள்ள போய் அழுதுட்டேன். அப்புறம் இவரையும் கூட்டிக்கிட்டு மலை சுத்தக் கிளம்பிட்டாங்க.

மறுநாள் காலையில லாட்ஜுங்களுக்கெல்லாம் நான்தான் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். அம்மா புக் பண்ண லாட்ஜ் மேனேஜர் எடுத்தாரு. "நேத்து ஒரு ஆரணி அம்மாவுக்கு ரூம் இல்லாம போச்சு, அது எங்க தப்புதாங்க"ன்னு ஆரம்பிச்சேன்.

"அவங்களா? அப்பவே வேற ரூம் தொறந்து சாவியைக் குடுத்துட்டேனேம்மா. வாங்கிக்கிட்டு ரொம்ப நேரம் சேர்லயே உக்காந்திருந்தாங்க. அப்புறம், பொண்ணு வீடு இங்கயே இருக்கறப்ப எனக்கெதுக்குங்க ரூமுன்னு சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

போனை வெச்சுட்டு உள்ள போனேன். நடந்து வந்த அலுப்புல அம்மா அசந்து தூங்கிக்கிட்டிருந்தாங்க. ரூம் இல்லன்னு ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்கன்னு இன்னிவரைக்கும் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.