உப்பங்கழியைக் கடந்த சாயங்காலம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன் நான், கண்ணால் பார்த்துக் கையால் அளந்தால்தான் எதையும் ஒத்துக்கொள்வேன். இதைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும், நினைத்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

போன வருஷம் அப்பா இறந்தபோது அஸ்தியைக் கடலில் கரைக்க நானும் தம்பி செல்வமும் தொண்டிப் பக்கம் போனோம். கூட்டமில்லாத இடம் என்று யாரோ சொன்ன ஒரு உப்பங்கழி. படுக்கப்போட்ட குடம் மாதிரி இருந்தது. கடல் உள்ளே வருகிற வாய் குறுகல், உள்ளே வயிறு அகலம், ஓரமெல்லாம் அலையாத்திச் செடி, நடுவில் வளைந்து வளைந்து ஒரு ஓடை. நாங்கள் போனபோது தண்ணீர் வற்றிச் சேறு தெரியக் கிடந்தது, வாய்ப்பக்கத்து மணல்திட்டுக்குக் கணுக்கால் தண்ணீரில் நடந்தே போய்விட்டோம். எங்கள் ஊர்க் கண்மாய் வற்றினால் அடுத்த மழைக்குத்தான் தண்ணீர் வரும். கடல் தண்ணீர் போன வழியே திரும்பி வரும் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

கரைத்து முடித்துத் தலைமுழுகி எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கழிக்குள் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வரும்போது இம்புட்டுத் தண்ணி இல்லையே" என்றான் செல்வம்.

"பேசாம பின்னால வா. திரும்பிப் பாக்காம போகணும்."

அஸ்தி கரைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பேயை நம்பாதவன் இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். அப்பா காரியம், அவ்வளவுதான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. நீச்சல் தெரியும், ஆனால் சேறு காலை விடவில்லை, என் பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்தது. அப்போது செல்வம் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். பிடித்த கை என்னை இடது பக்கம் அழுத்தியது, அங்கே காலை வைத்தால் கெட்டித் தரை. கொஞ்சம் தள்ளி வலது பக்கம் அழுத்தியது, அங்கேயும் தரை. நம்பினால் நம்புங்கள், அந்த மங்கல் வெளிச்சத்தில் ஓடையின் வளைவு ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கரையேறினேன்.

"எப்படிடா வழி தெரிஞ்சது?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

செல்வம் தூரத்தில் அதே மணல்திட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். திட்டு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆள் தேடிக் கரையோரமாக ஓடினேன். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர்தான் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவனை ஏற்றி வந்தார். நான் வந்த வழியைக் காட்டினேன்.

"அங்கிட்டு வள்ளமே ஓடும் தம்பி, ஆளு நிக்க முடியாதே" என்றார். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பச் சொன்னார்.

காரில் வரும்போது செல்வம் அழுதுவிட்டான். "கொஞ்ச தூரம் வந்தேண்ணே, ஆழம்னு திட்டுக்கே திரும்பிட்டேன். நீயும் வந்துருன்னு எம்புட்டுக் கத்துனேன். நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போற."

"நான் வாயே தெறக்கலையேடா."

"பேசுனண்ணே. தலைய ஆட்டி ஆட்டி, 'சரி, கூட்டிட்டு வாரேன், கண்டிப்பாக் கூட்டிட்டு வாரேன்'னு கெஞ்சிக்கிட்டே போன."

அது அப்பாவாகத்தான் இருக்கும் என்கிறான் அவன். அப்பாவிடம் நான் எதற்குக் கெஞ்சப் போகிறேன்? யாரைக் கூட்டிவருவதாகச் சொன்னேன்? எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கடற்கரைக்கும் நான் போகவில்லை, லீவு விட்டால் குடும்பத்தைக் கொடைக்கானலுக்குத்தான் கூட்டிப் போகிறேன்.

போன வாரம் என் சின்ன மகள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, கடலுக்குக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கள்ல, எப்பப் போறோம்?" என்று கேட்டாள். நான் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை.