அண்ணன் அடிக்காத நான்கு ரிவெட்டுகள்

எங்கள் அண்ணன் காலமாகி இன்றோடு பன்னிரண்டு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்க வேண்டும் என்று அண்ணன் மகள் ஆசைப்பட்டாள். நாளைக் காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யார் கன்னமோ போல இருக்குமே, அப்படி இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் முதலியார்பேட்டையில் பிறந்தார். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. ஆலை மூடிய வருடம் அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் சேர்ந்துவிட்டார். பாஸாகிவிட்டார் என்று ஓடிப்போய்ச் சொன்னவன் நான். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். சில வருடம் கழித்து நானும் அதே ஷெட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் மேஸ்திரி ஆகியிருந்தார்.

அங்கே எங்கள் வேலை ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடிப்பது. போல்ட் என்றால் ஸ்பானர் போட்டுக் கழற்றலாம். ரிவெட் அப்படியில்லை. அதன் தலையைத் துளைத்து எடுத்தால்தான் வெளியே வரும். கெட்டி ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். தகட்டுக்கு வெளியே ஒருவர் காற்றில் ஓடும் ரிவெட் கன்னால் அடிப்பார். உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். வெளியே அண்ணன், உள்ளே நான். இன்னொன்று பாப் ரிவெட். அது கெட்டியில்லை, உள்ளே பொள்ளல். ஒரே ஆள் ஒரு பக்கம் நின்று இடுக்கியால் இழுத்தால் முடிந்தது. மெல்லிய தகட்டுக்கு அது போதும். பாரம் தாங்கும் இடத்தில் அதைப் போடக்கூடாது.

அண்ணனுக்கு இதில் ஒரு கிறுக்கே உண்டு. விழுப்புரம் போகும் பஸ்ஸில்கூடச் சும்மா உட்காரமாட்டார். ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று பக்கத்துத் தகட்டை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே வருவார். ஒருமுறை கண்டக்டர், "சார், யாரு வூட்டுக் கதவ தட்றீங்க?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், தட்டுவதை நிறுத்தவில்லை.

இந்த மலரைப் படிக்கும் பலருக்கு ஒரு விஷயம் தெரியும். அண்ணன் கட்டிய பஸ்ஸில் சீட்டுக்கு மேலிருந்த லக்கேஜ் கேரியர் கழன்று ஓர் அம்மாவின் தோளில் விழுந்தது, எலும்பு உடைந்தது, அண்ணனுக்கு வேலை போனது. நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்தபடி இதைப் பேசியவர்களும் உண்டு. அதைத்தான் இங்கே சரியாக எழுத வேண்டும்.

அன்று மாசிமகம். மதியத்தோடு ஷெட்டில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் முதலாளியோடு தகடு எடுக்கப் போயிருந்தார். போகும்போது, "அந்த கேரியர் பிராக்கெட்ட சாயங்காலம் நான் வந்ததும் ரெண்டு பேரும் அடிக்கலாம், நீ தொடாத" என்றார். எனக்கு நிச்சயமான பெண் தன் வீட்டாரோடு வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்க வருகிறாள் என்று தெரியும். வேலையை முடித்துவிட்டதாகப் பெயர் பண்ணி ஓட நினைத்தேன். கெட்டி ரிவெட் போகவேண்டிய நான்கு துளையிலும் பாப் ரிவெட் இழுத்தேன். மேலே பீடிங் பட்டையை வைத்து ரிவெட் தெரியாமல் மூடினேன். மறுநாள் அண்ணன், "அடிச்சிட்டியா? யாரு புடிச்சா?" என்று கேட்டார். பக்கத்து வண்டியில் வேலை செய்தவர் கிளம்புமுன் பிடித்தார் என்று பொய் சொன்னேன். தம்பி சொல்லிவிட்டான் என்று அவர் பீடிங்கைப் பிரித்துப் பார்க்கவில்லை.

சித்திரையில் அது விழுந்தது. பஸ்ஸை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அறுந்த ரிவெட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததுமே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. முதலாளி, "யாரு போட்டது?" என்று கத்தினார். "நான்தாங்க" என்றார் அண்ணன். வெளியே வந்ததும் நான் வாயைத் திறந்தேன். "வைகாசில கல்யாணத்த வச்சிக்கினு இன்னாடா பேசற? பொண்ணு வூட்ல கேட்டா இன்னா சொல்லுவ? மூடிக்கினு போய் வேலயப் பாரு" என்றார். நான் மூடிக்கொண்டேன். அடுத்த மாதம் அவர் இடத்துக்கு என்னையே மேஸ்திரியாகப் போட்டார்கள். அதற்கும் சரி என்றேன்.

அதன்பின் எந்த ஷெட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. தேங்காய்த்திட்டில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் பெட்டி தகடு அடித்துக் கொடுத்துப் பிழைத்தார். அண்ணி பெரிய மார்க்கெட்டில் பூக் கட்டப் போனார். அடிபட்ட அம்மாவை, அவரால் கையைத் தூக்க முடிகிறவரை, வாரம் தவறாமல் போய்ப் பார்த்தது அண்ணன். நான் ஒருநாளும் போனதில்லை. கடைசியில் அண்ணனின் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதும் இதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அண்ணன் சாவுக்கு அந்த அம்மா வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு அண்ணன் தலைமாட்டில் அழுதார். "இந்தம்மாதான் அது. இன்னா இருந்தாலும் அன்னிக்கி அவரு பண்ணது தப்புதான" என்று நம்மவர் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எதிரில் கிடக்கிறார், அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்கள், மூன்று நாள் சமைத்துப் போட்ட தெருக்காரர்கள், பாடையைத் தோளில் சுமந்த ஐஸ் வண்டிக்காரர்கள், தொலைவிலிருந்து வந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. இருபத்தொரு வருடமாக எல்லாம் தெரிந்தும் எனக்குச் சோறு போட்ட அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எழுதியதை இன்று மாலை அவரிடம் படித்துக் காட்டினேன். "தம்பி, அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. அவரு இருந்தா வுட மாட்டாரு" என்றார். உண்மைதான், விடமாட்டார். அண்ணி மன்னிக்க வேண்டும், நான் எடுக்கவில்லை. உறவினர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எந்தப் பந்தியிலாவது அந்தப் பேச்சு வந்தால், என் பெயரைச் சொல்லுங்கள்.