ஞானசீலனின் கரண்ட் சிகரெட்

ஞானசீலன் வீட்டில் ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்குக் கீழும் ஒரு மரக்கட்டை இருக்கும். பாதத்தின் வடிவில் செதுக்கிய கட்டை. ஷூ கம்பெனியில் தோலை அதன்மேல் மாட்டி இழுத்துத்தான் ஷூவுக்கு உருவம் கொடுப்பார்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபேன் போடவும் லைட் அணைக்கவும் அதன் நுனியால் சுவிட்சைத் தட்டுவான். விரல் மட்டும் படவே படாது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவன் மனைவி ரோஸ் அதைக் கண்டுகொள்ளாமல் காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூற்றொன்றில், கல்யாணத்துக்கு முன்பு, ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தான். அங்கே தரை என்றைக்கும் ஈரம்தான். தோல் ஊறும் டிரம்மின் சுவிட்சை ஒருநாள் ஈரக்கையோடு தொட்டான். கரண்ட் தூக்கி எறிந்ததில் சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் போய் விழுந்தான். எழுந்த கையோடு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தான். அதற்குக் கண்ணும் கையும் போதும், மெஷின் பக்கமே போக வேண்டாம்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். தொண்ணூற்றெட்டில் நடந்ததுக்குச் சிரிக்க முடியாது.

ரோஸ் வேலூரில் நர்ஸ். நைட் டூட்டி முடித்து வந்து, தூங்காமல் கொள்ளாமல் கிரைண்டரில் மாவு போட்டாள். மாவைத் தள்ளிவிடக் கையை விட்டபோது கரண்ட் பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த குண்டான் உருண்டு விழுந்த சத்தம் கேட்டு ஞானசீலன் வந்து பார்த்தான். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சுவிட்ச் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. கையில் மரக்கட்டையும் இருந்தது. கை மட்டும் எழவில்லை. சமையலறை வாசலில் கல்லாக நின்றான்.

பக்கத்து வீட்டு மக்பூல் அகமது அந்தச் சத்தம் கேட்டுப் பின்பக்கக் கதவு வழியாக ஓடிவந்து சுவிட்சை அடித்து அணைத்தார். ரோஸ் சரிந்து விழுந்தாள்.

"நானும் இப்பதான் பாய் ஓடியாந்தேன்" என்றான் ஞானசீலன். அவர் நம்பினார். ரோஸ் கண் விழித்தபோது அவளிடமும் அதையே சொன்னான். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. தான் நின்றதை அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று அவன் நம்பினான். அப்படி நம்பாமல் அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது.

ஆனால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. என்றைக்காவது ஒருநாள் ரோஸின் கண்முன்னால் வெறும் விரலால் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட வேண்டும், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தான். கணக்கு கணக்காகவே இருந்தது. சிகரெட்தான் ஜாஸ்தியானது.

இரண்டாயிரத்து எட்டில் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆபித் பாஷா தோல் கண்காட்சிக்குச் சீனா போய்விட்டு வந்தான். வந்தவன் பேனா மாதிரி ஒரு சாமானை ஞானசீலன் மேஜைமேல் வைத்தான்.

"இன்னாடா இது?"

"கரண்ட் சிகரெட், தோஸ்த். உள்ள பேட்டரி இருக்குது. இழுத்தா பொகை வரும், நெருப்பு கெடையாது. உனக்குன்னே வாங்கியாந்தேன்."

மொத்த டிபார்ட்மெண்டும் விழுந்து விழுந்து சிரித்தது. கரண்ட்டைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவனுக்குக் கரண்ட்டையே வாயில் வைக்கக் கொடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். ஞானசீலன் அதைத் துணியால் எடுத்து டிராயருக்குள் தள்ளினான்.

ஆனால் பசை நாற்றம் அடிக்கிற கம்பெனிக்குள் தீக்குச்சி கிழிக்க முடியாது. சிகரெட்டுக்குக் கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். மழை கொட்டிய ஒருநாள் நாக்கு நமநமத்தது. டிராயரைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தான். எதுவும் தூக்கி எறியவில்லை. வாயிலிருந்து புகை போனது. செத்துப் பிழைத்தவன் மாதிரி உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் அது படுத்துவிட்டது. ரிப்பேர் செய்ய ஊரில் ஆள் இல்லை, மொபைல் கடைக்காரன் கையை விரித்தான். வேறு வழியில்லாமல் தோல் சீவும் கத்தியால் அவனே பிரித்தான். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்னச் சுருள் கம்பி, அறுந்துபோன ஒரு ஒயர். இவ்வளவுதானா என்று அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதற்கா இத்தனை வருஷம் கட்டையும் கையுமாக அலைந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒயரை ஒட்ட, ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் வேண்டும், அதற்குச் சுவரில் பிளக் சொருக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரோஸ் டூட்டிக்குப் போயிருந்தபோது, கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு விரலால் சுவிட்சைப் போட்டான். முதுகு முழுக்க வேர்வை. ஒன்றும் ஆகவில்லை. அணைத்தான், மறுபடி போட்டான். சின்னப் பிள்ளை மாதிரி போட்டுப் போட்டு அணைத்தான்.

பிறகு பைத்தியம் பிடித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து உள்ளே இருந்த உருளை செல்களை எடுத்தான். டார்ச் லைட் குழாயில் ஒன்றை அடைத்து, முனையில் சுருள் கம்பி சுற்றி, ஆபித் வாங்கிவந்த கரண்ட் சிகரெட்டைவிடப் பெரிதாக ஒன்று செய்தான். கை துணிந்ததும் வீட்டுச் சாமான்களுக்கு வந்தான். அயர்ன் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தான். மிக்சிக்கு ஒயர் மாற்றினான். ஒவ்வொன்றையும் ரோஸைக் கூப்பிட்டு, அவள் கண்முன்னால் சுவிட்சைப் போட்டுக் காட்டினான். இதற்குத்தானே பத்து வருஷம் காத்திருந்தான். அவளோ ஒவ்வொரு முறையும் முகம் இறுகிப் போனாள்.

"நல்லாருக்குதா?"

"நல்லாருக்குது" என்பாள். உள்ளே போய்விடுவாள். சிகரெட் வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் நடந்த கூத்து ஷூக்காரனுக்கு மட்டுமே வரக்கூடியது. வெளியே போகும்போது மாற்று பேட்டரி செல்லுக்கு ஒரு உறை வேண்டும். தோலில் அழகாகத் தைத்தான். செல்லின் மேலிருந்த பிளாஸ்டிக், உறைக்குள் இறுக்கமாக உட்கார இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை உரித்தான். வாய்ப்பக்கம் பிய்ந்துவிடாமல் இரண்டு பித்தளை ரிவிட்டையும் அடித்தான். தோல் வேலைக்காரன் கண்ணுக்கு ரிவிட் இல்லாத உறை அம்மணமாகத் தெரியும். அந்தப் பித்தளை, செல்லின் மேல்முனையையும் உடம்பையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் ஆக்கும் என்பது மூளைக்கு எட்டவில்லை.

ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவே, காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தான். தொடை சுட்டது. குனிந்து பார்த்தால் பேன்ட் பாக்கெட்டிலிருந்து புகை. பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா வேதப்புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். ஆயர் பேச்சை நிறுத்தினார். ஞானசீலன் வெறுங்கையால் உறையை உருவி எடுத்து, சபை முழுக்க எழுந்து நின்று பார்க்க, கதவுக்கு வெளியே ஓடி மணல் குவியலில் எறிந்தான். அது சீறிக் கருகியது. சபையில் பாதிப்பேர் வெடிகுண்டு என்று நினைத்தார்கள். மீதிப்பேர், சபைக் கமிட்டி மெம்பர் சிகரெட் சாமானைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து அதைவிட அதிகமாக அதிர்ந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ் ஆஸ்பத்திரிக்காரியாக மாறினாள். கட்டிலில் உட்காரவைத்து, உள்ளங்கையையும் தொடையையும் கழுவி, மருந்து தடவினாள். இனிமேல் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"இப்ப கரண்ட்னா பயமே இல்லியா உங்களுக்கு?"

"சுத்தமா இல்ல ரோஸ். உள்ள இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சிட்டா அவ்ளோதான்." வலியிலும் அவன் குரலில் பெருமை இருந்தது.

அவள் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை.

"கிரைண்டர்ல நான் மாட்டிக்கினு இருந்தப்ப நீங்க வாசல்ல நின்னீங்க. கையில கட்டை இருந்திச்சு. நான் உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

மக்பூலிடம் சொன்னது, இவளிடம் சொன்னது, இவள் தலையை ஆட்டியது, எல்லாம் ஒன்றாக ஞானசீலனின் நெஞ்சில் வந்து நின்றன.

"ஏன் ரோஸ் சொல்லல?"

"இன்னாத்த சொல்றது. பயந்த மனுஷன், பயம் ஒரு சீக்கு, அவர் இன்னா செய்வாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அவரு மேல தப்பே இல்லன்னு. அத வெச்சிதான் இத்தினி வருஷம் உங்களோட ஓட்டினேன்."

கட்டின் நுனியை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"போகவே போகாத பயம்னு நெனச்சிருந்தேன். எனக்காக போகாதது ஒரு சிகரெட்டுக்காக போயிடுச்சே."

மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஞானசீலன் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஏதாவது ஒன்று, பொய்யாகவாவது, தோன்றும் என்று எதிர்பார்த்தான். ஒன்றுமே தோன்றாததுதான் அவனுக்கு அன்றைக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.